ஈரோட்டு வெக்கையும் வளர்ப்பு டரான்டுலாவும்

கேள்வி சுருக்கமாக இது: ஈரோட்டில் மாடி அறை, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. கால் விரித்தால் 12 செ.மீ. வரும் கர்லி ஹேர் டரான்டுலா (உடம்பெல்லாம் முடி அடர்ந்த பெரிய சிலந்தி), பெண். எங்கோ படித்த வளர்ப்புக் குறிப்பு ‘27 முதல் 30 டிகிரி வேண்டும், ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) வைக்கவும்’ என்கிறது. அறையில் மதியம் 33 காட்டுகிறது. சில நாளாகச் சிலந்தி ராத்திரியானால் பெட்டிச் சுவரில் ஏறி அலைகிறது. ஹீட் மேட் வாங்கலாமா, இல்லை ஏசி போட வேண்டுமா?

ஹீட் மேட் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் குறிப்பை எழுதியவர் குளிர் நாட்டுக்காரராக இருப்பார். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே 16, 17 டிகிரிக்கு இறங்கும் ஊரில் அந்த யோசனைக்கு அர்த்தம் உண்டு. ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் மாசியில் தொடங்கி கத்திரி முடியும் வரை நம் வேலை உச்ச வெப்பத்தை எப்படித் தணிப்பது, பெட்டிக்குள் ஈரத்தை எப்படிக் காப்பது என்ற இரண்டு மட்டும்தான்.

முதலில் கணக்கு. வளர்ப்பில் இருக்கும் பெரும்பாலான டரான்டுலாக்களுக்கு 20 முதல் 28 டிகிரி வரை சுகமான அளவு. 30, 32 போனாலும் குடிக்கத் தண்ணீரும் இறங்கிப் பதுங்க ஆழமும் இருந்தால் பாதகமில்லை. 33 முதல் 35 வரை சில மணி நேரம் தாங்கும். நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 35ஐத் தாண்டினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். 40ஐ ஒட்டினால் பல இனங்களுக்கு உயிராபத்து. இந்த எண்கள் எல்லாம் சிலந்தி உட்கார்ந்திருக்கும் இடத்தின் வெப்பம். சுவரில் மாட்டிய மீட்டர் காட்டுவதையோ கைப்பேசியின் வானிலைச் செயலி சொல்வதையோ இங்கே போட்டுப் பார்க்கக் கூடாது.

நீங்கள் மதியம் அளந்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து, மெதுவாகக் கீழே இறக்கும். மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறையில் உச்சம் மதியம் 2 மணிக்கு வராது. பொழுது சாய்ந்து 6 மணியிலிருந்து 9 மணிக்குள் வரும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே சுவரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். மதியமே 33 என்றால் இரவு 8 மணிக்கு 35, 36 இருக்க வாய்ப்பு அதிகம். சிலந்தி ராத்திரியில் சுவர் ஏறுவது அதே நேரம் என்பதைக் கவனியுங்கள். ராத்திரி உலாவுவது அதன் சுபாவம்தான். ஆனால் பதுங்குமிடத்தை விட்டுத் தினமும் ஏறி அலைந்தால் கீழே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சூடு, அடியில் வறட்சி, அல்லது மேல்மண்ணில் சொதசொத ஈரம் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அளப்பதற்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும், ஒயர் முனையில் புரோப் (வெப்பத்தை உணரும் முனை) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும், நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அந்த டம்ளரில் புரோப்பைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் எப்போதும் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு புரோப்பைச் சிலந்தி பதுங்குமிடத்தின் வாய்க்குள், மண் மட்டத்தில் வைத்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். முள் சுற்றும் வட்ட மீட்டர்கள் அலங்காரத்துக்குத்தான் ஆகும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நீட்டினால் அது கண்ணாடியின் மேற்பரப்பைத்தான் அளக்கும். உள்ளே இருப்பதை அல்ல.

ஹீட் மேட் ஏன் இத்தனை மோசம் என்றும் சொல்லிவிடுகிறேன். காட்டில் சூடு மேலிருந்து வரும், குளிர்ச்சி கீழே இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக டரான்டுலாவின் உடம்புக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், சுட்டால் கீழே தோண்டு என்பதுதான். மேட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தால் அந்த வழி தலைகீழாகிவிடுகிறது. தப்பிக்கத் தோண்டத் தோண்ட இன்னும் சூடு. கூடவே அடிமண்ணின் ஈரமும் முதலில் வற்றும். மேலே மாட்டும் சூட்டு விளக்கு தோலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் காய வைக்கும். இரண்டும் நம் ஊர்ச் சமவெளிக்குத் தேவையில்லை.

நம் மண்ணின் சிலந்திகளைப் பார்த்தாலே இது புரியும். பொசிலோதீரியா ஃபார்மோசா என்ற மரவாழ் டரான்டுலாவை 1899இல் போகாக் என்ற விலங்கியலாளர் விவரித்தது சேலம் மாவட்டத்திலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து. சேலத்து வெயிலில் வாழ்கிறதே, சூடு தாங்கும் என்று நினைக்கக் கூடாது. பகலெல்லாம் அது மரப்பொந்துக்குள் இருக்கும். வெளியே எவ்வளவு கொதித்தாலும் பொந்துக்குள் அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு வராது. (அவற்றைத் தோப்பிலிருந்து பிடித்து வந்து வளர்க்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். 2019 முதல் பொசிலோதீரியா பேரினம் முழுவதும் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.) உங்கள் கர்லி ஹேர், நிகரகுவா, கோஸ்டாரிகா பக்கத்து ஈரக்காட்டில் மர வேரடியில் வளை தோண்டி வாழும் இனம். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த வளையைத்தான்.

ஆகவே பெட்டியைப் பிரித்துக் கட்டுவதில் தொடங்குங்கள். 30 செ.மீ. நீளம், 20 அகலம், 25 முதல் 30 உயரம் உள்ள பெட்டி இந்த அளவுச் சிலந்திக்குப் போதும். அடிமண் 12 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும். கடைகளில் அலங்காரமாக வைத்திருப்பது போல மூன்று செ.மீ. போட்டால் அது தரைவிரிப்பு, வளை ஆகாது. மண்ணின் மேல்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே 15, மிஞ்சிப் போனால் 18 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். சுவர் ஏறும் சிலந்தி அதற்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடலாம். கோடையில் அலைச்சல் அதிகம் என்பதால் இந்த ஆபத்தும் அதிகம்.

மண்ணுக்கு நாம் அலையவே வேண்டாம், பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டி 650 கிராம் ஒன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் விட்டால் ஊறி எட்டு லிட்டர் அளவுக்கு வரும். உரமோ வேப்பம் பிண்ணாக்கோ கலக்காத வெறும் கட்டிதானா என்று கேட்டு வாங்குங்கள். மாடித் தோட்டத்துக்கென்று விற்கும் கலவைகளில் இரண்டும் கலந்திருக்கும். வெறும் நார்த்தூளில் தோண்டிய வளை காய்ந்ததும் பொலபொலவென்று சரியும். அதனால் இரண்டு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு சலித்த செம்மண் சேர்க்க வேண்டும். மஞ்சள் காடு, பருத்திக் காடு, வாழைத் தோப்பு மண் எதுவும் வேண்டாம், மருந்தடித்த மண்ணாக இருக்கும். மருந்து படாத மேட்டு நிலத்து மண்ணாக எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காய வைத்துக் கலக்குங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் போட்டு, கையால் அழுத்தி, ஒரு மூலையில் சாய்வாகக் குழி விட்டு, அதன் மேல் பாதி பிளந்த தேங்காய்ச் சிரட்டையோ மரப்பட்டையோ கவிழ்த்துவிட்டால் மிச்சத்தை அதுவே தோண்டிக்கொள்ளும்.

காற்று போக எதிரெதிர்ச் சுவர்களில் 3 மி.மீ. துளைகள், ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே. மூடியில் மட்டும் துளை போட்டால் சூடான காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேறும். அடியில் காற்று தேங்கும்.

ஈரத்தை மேலே தெளிக்காதீர்கள். ஸ்பிரே அடித்தால் மேல்மண் நனைந்து ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடியில் எதுவும் சேராது. பதுங்குமிடத்துக்கு எதிர் மூலையில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, அதன் வழியாக 200 மில்லி தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கும். சிலந்தி தனக்கு வேண்டிய ஆழத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். எப்போது மறுபடி ஊற்றுவது என்பதற்கு ஈரப்பத மீட்டரை நம்ப வேண்டாம். பெட்டியைக் கட்டிய நாளில் சமையலறை எலக்ட்ரானிக் தராசில் மொத்தமாக நிறுத்து எடையை மூடியில் எழுதி வையுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். எடை 200 கிராம் குறைந்திருந்தால் 200 மில்லி ஆவியாகிவிட்டது என்று பொருள், அதை மட்டும் திருப்பி ஊற்றினால் போதும். பங்குனி சித்திரையில் இது வாரத்துக்கு ஒரு தடவைகூட வரலாம். ஐப்பசியில் மாதம் ஒன்றானாலும் வராது.

தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். 6, 7 செ.மீ. அகலத்தில் கனமான பீங்கான் கிண்ணம், தினமும் நிரப்ப வேண்டும். பஞ்சு, ஸ்பாஞ்சு எதுவும் உள்ளே போடாதீர்கள். குடிக்க முடியாது, அழுகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு படியும், ஆகவே குடிக்கும் தண்ணீரே ஊற்றிவிடுங்கள்.

தண்ணீர் பற்றி இத்தனை சொல்வதற்குக் காரணம் அதன் கால்கள். டரான்டுலாவின் கால்களில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது, ஜேசிபியின் கை மாதிரி. நீர் வற்றினால் அழுத்தம் விழும், கால்கள் தாமாகவே வயிற்றுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். வெப்பம் ஏறினால் உடம்பின் இயக்கமும் வேகம் பிடிக்கும். மூச்சு அதிகம், நீரிழப்பும் அதிகம். கோடையில் சூட்டால் செத்தது என்று நாம் சொல்கிற பல சாவுகள் உண்மையில் தாகத்தால் வந்தவை. நீர் குறைந்த உடம்பில் சட்டை உரிப்பதும் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

இனி பெட்டி எங்கே இருக்க வேண்டும். அட்டாலி கூடவே கூடாது, கூரைக்குக் கிட்டத்தில் இருக்கும் காற்றுதான் அறையிலேயே அதிகச் சூடு. மேற்குச் சுவர், ஃப்ரிட்ஜின் மேல், இன்வெர்ட்டர் பக்கம் எதுவும் வேண்டாம். ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் நேர் வெயில் விழுந்தால், இளவெயிலானாலும், சில நிமிடங்களில் உள்ளே கொதித்துவிடும். கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தால் அங்கே உள்சுவர் ஓரமாக, தரையை ஒட்டி வைப்பதே பாதி வைத்தியம். பழைய ஓட்டு வீடாக இருந்து ஆசாரத்தில், அதாவது கூடத்தில், மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. தரையில் வைத்தால் எறும்பு வருமே என்பீர்கள். வரும், கோடையில் ஈரத்தைத் தேடியே வரும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் போட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு மட்டும் போட்டுவிடாதீர்கள், அது சிலந்திக்கும் நஞ்சு.

நஞ்சு என்றதும் இன்னொன்று. ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவிட்சில் செருகும் கொசு மருந்தில் பொதுவாக இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின். பைரித்ராய்டு வகை மருந்து, நரம்பைத் தாக்குவது. சூடு தாங்காத சிலந்தி சோர்ந்து கிடக்கும்; மருந்து பட்டது நடுங்கும், கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், நடை தடுமாறும். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவலை மட்டும்தான்.

சரி, இடம் மாற்ற வழியில்லை, அதே மாடி அறைதான் என்றால்? ஏசி 26, 27இல் ஓடினால் பிரச்சினையே இல்லை. காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் மட்டும் பாருங்கள், ஏசி காற்று வறண்டது. நாள் முழுக்கப் போட வேண்டியதில்லை. சாயங்காலம் 5 முதல் 10 வரை போட்டால் உச்சச் சூடு தணியும். பகலுக்கும் இரவுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வருவது சிலந்திக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஏசி இல்லாதவர்களுக்கு மண்பானை முறை இருக்கிறது. மிச்சம் மீதியில் செய்யும் வேலை என்று ஏளனம் வேண்டாம், நம் வறண்ட கோடைக்கு இது நன்றாகவே வேலை செய்யும். காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவீதமும் இருக்கும் மதியத்தில், நீர் ஆவியாவதால் இறங்கக்கூடிய கடைசி எல்லை 23 டிகிரி. அதுவரை போகாவிட்டாலும் நாலைந்து டிகிரி தாராளமாக இறங்கும். பெட்டி உள்ளே இறங்கும் அளவுக்கு வாய் அகன்ற, வண்ணம் பூசாத மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மூன்று விரல் மணல், அதன் மேல் பெட்டி, சுற்றிலும் துளைகளுக்குக் கீழே வரை மணல். மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள், தொட்டியின் வெளிப்பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். கதவைச் சாத்திய அறையில் காற்று ஈரமாகி, ஆவியாவது நின்றுபோகும். ஏர்கூலருக்கும் இதே விதிதான், எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த முறை எடுபடாது, அப்போது அதற்குத் தேவையும் இருக்காது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் தொட்டியை எடுத்துவிடலாம். ஈரோடு, கரூர்க்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

கரண்ட் போன நாளுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஃப்ரீசரில் உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டும் தயாராக இருக்கட்டும். பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தில் சிலந்திப் பெட்டி. இரண்டும் ஒட்டக் கூடாது. மூடியை இரண்டு விரல் திறந்து வையுங்கள். 27 வந்தால் பாட்டிலை எடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் சிலந்தி கால் சுருட்டிக் கிடந்தால், ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். முதலில் மல்லாந்து கிடக்கிறதா, குப்புற இருக்கிறதா என்று பாருங்கள். மல்லாந்து, கால் விரிந்து கிடந்தால் அது சட்டை உரிக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தொட்டுத் திருப்பிப் போட்டுக் கொன்றவர்கள் உண்டு. குப்புற நின்று, கால்கள் அடியில் மடங்கியிருந்தால்தான் அவசரம். 25, 26 டிகிரி உள்ள அறைக்கு மாற்றி, ஒரு தட்டையான மூடியில் அரை செ.மீ. தண்ணீர் ஊற்றி, மென்மையான பிரஷ்ஷால் தள்ளி, பல்லுக்கு அடியில் உள்ள வாய்ப்பகுதி நீரில் படும்படி முன்பக்கத்தை மட்டும் இறக்குங்கள். வயிறு நீரில் படக் கூடாது. வயிற்றின் அடிப்பக்கத்தில் வெளுத்த திட்டாகத் தெரியும் நாலு இடமும் அதன் புத்தக நுரையீரல்கள், மூச்சு விடும் உறுப்புகள். பிழைக்கும் உடம்பானால் சில மணி நேரத்தில் கால்கள் மெல்ல விரியும். குனிந்து கிட்டத்தில் பார்க்காதீர்கள். கர்லி ஹேர் வயிற்று முடியை உதறிவிடும், கண்ணில் விழுந்தால் ஆஸ்பத்திரிதான்.

உணவைப் பற்றி அதிகம் இல்லை. 34க்கு மேல் போகும் நாட்களில் பெரிய இரை வேண்டாம். இரவு சூடு இறங்கிய பிறகு ஒரு சிறிய கரப்பானோ இரண்டு மாவுப்புழுவோ போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வயிற்றின் வழுக்கைத் திட்டு கறுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, இரை போடவே வேண்டாம். குஞ்சு வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறு டப்பாவில் உள்ள ஈரம் ஒரே மதியத்தில் காய்ந்துவிடும், அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

காகிதம் பற்றியும் ஒரு வரி. கர்லி ஹேரும் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தமும் 2024இன் பதிவு விதிகளும் இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. விற்றவரிடம் அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள்.

வால்பாறை, ஏற்காடு, கோத்தகிரி என்று மலைமேல் இருப்பவர்களுக்கு மட்டும் மார்கழி, தையில் சூடு தேவைப்படலாம். அங்கேயும் மேட் அடியில் போகக் கூடாது. பெரிய தெர்மாகோல் பெட்டியின் பக்கச் சுவரில் மேட்டை ஒட்டி, சிலந்திப் பெட்டியை அதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 24இல் நிறுத்துங்கள். அதன் புரோப் மேட்டின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும்; காற்றில் தொங்கினால் காற்று சூடேறும் வரை மேட் எரிந்துகொண்டே இருக்கும். மலிவான தெர்மோஸ்டாட்டில் ரிலே (உள்ளிருக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு மேட் அணையாமல் போவது சகஜம். சிலந்தியை உள்ளே வைக்காமல் மூன்று நாள் ஓடவிட்டு, அதிகபட்சம் எவ்வளவு போகிறது என்று தனி தெர்மாமீட்டரில் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள்.